புஷ்பவல்லி பூமியைக் காப்பாற்றிய வரலாறு

கிள்ளானில் உள்ள ஒரு கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலையின் கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் புஷ்பவல்லி. கணவர் இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்கியது அந்தக் கேண்டீனும் அங்கிருந்த பெரிய தோசைக்கல்லும்தான். பூமி சூடாவதற்கு அவரே காரணம் என்பது சென்ற ஆண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

எரிவாயுவைக் குறைத்தால்தான் ஆர்டர் என்று போத்தல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது. நிர்வாகம் முதலில் நியாயமாக உலையைத்தான் பார்த்தது. மணலை உருக்கும் உலை, ஆயிரத்து ஐந்நூறு டிகிரி, இரவு பகலாக எரிவாயு குடிக்கும். அணைத்தால் உள்ளே கண்ணாடி இறுகி உலையே வெடித்துப் பிளந்துவிடும்.

"கரண்டுக்கு மாத்த முடியாதா?" என்றார் மேனேஜர்.

"மாத்தலாம் பாஸ். இத இடிச்சிட்டுப் புதுசா கட்டணும். கட்டி முடிக்கிற வரைக்கும் போத்தல் கிடையாது. அவ்வளவு கரண்டும் இந்த லைன்ல வராது லா," என்றார் என்ஜினியர் கமலநாதன். "கூரை பூரா சோலார் போட்டாலும் உங்க ஆபீஸ் ஏர்கோனுக்குத்தான் காணும்."

போட்டார்கள். ஏர்கோன் பசுமையாக ஓடியது. அந்தக் குளிர்ச்சியில் மேனேஜருக்கு ஞானம் பிறந்தது. எரிவாயு எரியும் இன்னோர் இடமும் இருக்கிறதே!

"அக்கா, இனிமே கரண்டு அடுப்புதான்."

"ஐயோ பாஸ், எங் கல்லு இந்த அடுப்ப விடப் பெருசு. நடுவுல கருகும், ஓரத்துல மாவாவே கெடக்கும். அங்க அம்மாம்பெரிய நெருப்பு எரியிது, அத வுட்டுட்டு எங்கிட்ட வரீங்களே?"

"உலைய மாத்த முடியாதுக்கா. உங்கள மாத்தலாம்."

புதிய அடுப்போடு புஷ்பவல்லி நிற்கும் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. தோசைதான் வரவில்லை. வரிசை வாசல்வரை நீண்டது. ஷிஃப்டு மணி அடித்ததும் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

"படம் அழகா இருக்குக்கா," என்றார் உலையில் வேலை செய்யும் நாகையா. "அதயே பிச்சுத் தின்னட்டுமா?"

வேகம் போதாது என்று புஷ்பவல்லியின் குத்தகையை ரத்து செய்தார்கள். சாப்பாடு இப்போது சுங்கை பூலோவிலிருக்கும் ஒரு கேட்டரிங் கூடத்திலிருந்து வருகிறது. அங்கே வரிசையாக எரிவாயு அடுப்புகள். அங்கிருந்து கிள்ளானுக்கு டீசல் லோரி. வேலிக்கு வெளியே எரிவது கம்பெனி கணக்கில் சேராதாம். வெளிநாட்டுக்காரர்கள் மகிழ்ந்து ஆர்டரைப் புதுப்பித்தார்கள். உலை வழக்கம்போல் எரிந்தது.

வேறு வழியில்லாமல் புஷ்பவல்லி அதே கூடத்தில் கூலிக்குச் சேர்ந்தார். அவர் ஊற்றும் தோசை லோரி ஏறி, நெரிசலில் நின்று, விறைத்துப்போய்த் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்கிறது.

ஒருநாள் நாகையா போன் செய்தார். "எப்பிடிக்கா இருக்கீங்க? இப்ப வர்ற தோச செருப்பு மாதிரி இருக்கு லா. எவ ஊத்துறான்னு தெரியல!"

"எவளோ ஒருத்தி," என்று சொல்லிவிட்டு, புஷ்பவல்லி அடுத்த கரண்டி மாவைக் கல்லில் ஊற்றினார்.