பக்கத்து வீட்டில் வைத்த பிரசவப் பை

கிறிஸ்டின் மிஸ்ஸின் ஸ்கூட்டி எங்கள் சல்லிக் கிராமத்துக்குள் நுழைந்தால், கருவாடு காயப்போடுகிற பெண்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பயப்படுவார்கள். லிங்கநகரிலிருந்து வருகிற எங்கள் குடும்பநல மாது அவர்; பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற அரசாங்க மருத்துவச்சி. வாய் கொஞ்சம் நீளம். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காமல் அலுமாரிக்குள் ஒளிக்கிறவளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

அவரையே கவலைப்பட வைத்தவள் என் பக்கத்து வீட்டு சோபனா. தலைப்பிள்ளைக்கு வலி வந்த பிறகுதான் அந்த வீட்டில் துணி தேடி, கிளினிக் அட்டை தேடி, ஓட்டோவும் தேடினார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்துவிட்டது. பெருகிய இரத்தத்தை நிறுத்த ஆளுமில்லை, மருந்துமில்லை. சோபனா பிழைத்தது பெரும்பாடு. இப்போது அவள் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி.

மிஸ் அப்போதுதான் பட்டினத்து ஆஸ்பத்திரியில் புதுப் பயிற்சி முடித்து வந்திருந்தார். அவருடைய தேவாலயச் சபையும் கிண்ணியாப் பள்ளிவாசல்காரரும் ஒரு வெளிநாட்டு அமைப்பும் சேர்ந்து அங்கே மருந்துகளும், வெளியேறும் இரத்தத்தை அளக்கக் கோடு போட்ட விரிப்புகளும் கொடுத்திருந்தார்கள். கூடவே தாய்மாருக்குத் துணியும் பிள்ளைச் சட்டையும் எடுத்து வைக்கப் பிரசவப் பைகளும்.

"இந்த முறை பையை ஆயத்தமா வைச்சிருங்கோ அம்மா," என்றார் சோபனாவின் மாமியார் தங்கரத்தினத்திடம்.

"ஏலாது மிஸ். பிறக்காத பிள்ளைக்கு ஒண்டும் எடுத்து வைக்கிற பழக்கம் எங்கட வீட்டில இல்லை."

மிஸ் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவரோ பையோடு நேரே என் குசினிக்குள் வந்தார்.

"அவங்கட வீட்டிலதானே வைக்கேலாது? நிரோஷினி, உங்கட அலுமாரிக்குள்ள வையுங்கோ."

அத்தோடு விடவில்லை. என் கணவர் றிக்சனின் ஓட்டோ தூரப் பயணம் போகக்கூடாது என்று கட்டளை. ஒத்திகை வேறு! வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு நான் முனகி முனகி ஓட்டோவில் ஏற, ஒழுங்கைச் சனம் முழுதும் கைதட்டிச் சிரித்தது. தங்கரத்தினம் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அதன் பிறகு உப்பு, மிளகாய் என்று அடிக்கடி என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். கோபம் ஆறிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஒரு பின்நேரம் அவரே தலைதெறிக்க ஓடி வந்தார்.

"நிரோஷினி, அந்தப் பையை எடு பிள்ளை!"

பை என் அலுமாரிக்குள் இருப்பதை இவருக்கு யார் சொன்னது? கேட்க நேரமில்லை. பையோடு சோபனாவும் மாமியாரும் நானும் ஏற, றிக்சன் பறந்தார். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்; மிஸ்ஸும் வந்துவிட்டார்.

பிள்ளை பிறந்ததும் இரத்தம் மறுபடியும் பெருகியது. இந்த முறை விரிப்பின் கோடு உடனே காட்டிக்கொடுத்தது. மருந்து கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது, பழகிய கைகளும் இருந்தன. இரத்தம் நின்றது.

"பொம்பிளைப் பிள்ளை. தாயும் சுகம்," என்று மிஸ் வந்து சொன்னபோது, எனக்கு வந்த சந்தோஷத்தில் றிக்சனைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

பிள்ளைக்குச் சட்டை எடுக்க மிஸ் பையைத் திறந்தார். அவர் வைத்த வெள்ளைச் சட்டைகளுக்கு அடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. பழைய நூல் சேலையில் தைத்த குட்டிச் சட்டை, பொடிப்பொடியாய்க் கைத்தையல்.

"இது ஆர் வைச்சது?"

நான் இல்லை. எல்லோரும் தங்கரத்தினம் அம்மாவைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏன் பாக்கிறீங்கள்? எங்கட வீட்டில நான் ஒண்டும் வைக்கேல்லையே!"