மடி: பூஜ்யம்

பண்ணையில் அவரை எல்லோரும் ‘ஆயுசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. எந்தக் காளையின் ஊசி என்று பேச்சு வந்தாலும் "பாலை விடுங்க, ஆயுசைப் பாருங்க" என்பார். ரெண்டு ஈத்து வாளி வாளியாகக் கறந்துவிட்டு மூன்றாவதில் கால் தள்ளாடும் மாடு அவருக்கு ஆகவே ஆகாது. பத்துக் கன்று, பத்து ஈத்தாவது தாங்க வேண்டும். இந்தக் கிறுக்கு வீடு வரைக்கும் வந்தது. மகள் விரும்பிய பையன் முதன்முதலாக வந்தபோது, உட்காரச் சொல்வதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் நாலு நடை நடக்கச் சொன்னார். "குளம்பு சுத்தம்" என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டார். கல்யாணமாகியும் மருமகன் அவர் முன்னால் சாக்ஸைக் கழற்றுவதே இல்லை.

அறுபது வயதானதும் மேனேஜர் ஓய்வுக் கடிதத்தை நீட்டினார். கொட்டகையை விட்டால் ஆயுசுக்குப் போக்கிடம் கிடையாது.

"வயசைப் பார்த்துக் கழிக்கக் கூடாது, மார்க் போட்டுத்தான் கழிக்கணும்னு நீங்களே படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

"அது மாட்டுக்குய்யா!"

"படிவத்துல மாடுன்னு எங்க இருக்கு?"

இல்லைதான். வேண்டாத மாட்டைப் பண்ணையை விட்டுக் கழிப்பதற்கான அந்தப் படிவத்தை எழுதியவரே ஆயுசு. மாட்டுப் பண்ணையில் வேறு எதற்கு மார்க் போடப் போகிறோம் என்று அந்த வார்த்தையை விட்டிருந்தார். மேனேஜரோ காகிதத்தில் இருப்பதைத் தாண்டி மூச்சுக்கூட விடாதவர்.

மாட்டு டாக்டரம்மா அவரை ஈரச் சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டார். கால், பத்துக்கு ஐந்து, பழைய உதையில் வந்த நொண்டல். பல், ஆறு. குணம், மேனேஜரை முறைத்ததால் மூன்று. அடுத்தது மடி. டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை விட்டுடலாமே?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா" என்றார் மேனேஜர்.

பூஜ்யம் போட்டார்கள். பாலுக்கும் பூஜ்யம். வேலை போனது போலத்தான்.

கடைசிக் கட்டம், மந்தையில் இப்போது இருக்கும் வாரிசுகள். ஆயுசு தொண்டையைக் கனைத்தார். "முன்னூத்திப் பன்னெண்டு. எல்லாம் நான் போட்ட ஊசி."

கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. ‘மந்தையின் தலைசிறந்த தாய். கழிக்க வேண்டாம். பால் வற்றிய காலம். அறுபது நாள் முழு ஓய்வு, நல்ல தீவனம்.’ கன்று போடுவதற்கு முன் கறவையை நிறுத்தி ஒவ்வொரு மாட்டுக்கும் அறுபது நாள் ஓய்வு தந்தே தீர வேண்டும் என்ற விதியும் அவர் எழுதியதுதான். மேனேஜர் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். ஆயுசு விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பொண்ணு பொறந்தப்ப ரெண்டே ரெண்டு நாள் லீவு போடுங்கன்னு கேட்டேன். மாடு பருவத்துக்கு வந்திருக்குன்னு ஓடினீங்க. ஒவ்வொரு மாட்டுக்கும் ஈத்துக்கு ஈத்து அறுபது நாள். எனக்கு இப்பத்தான் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அங்கயே ஏன் நிக்கிறீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து நாலு நடை நடங்க. அறுபது நாள் இந்த வீட்டுல தாங்குவீங்களான்னு பாக்கணும்."