இரண்டாவது சாக்கு

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எங்கள் டீம் லீடர் நின்ற கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நனைந்த சட்டை, கையில் போன், சுற்றிலும் கோபத்தோடு பெண்கள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. என் அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டம். கொழுந்தை எடைபோட்டவுடன் போனில் பதியும் செயலியை நாங்கள்தான் செய்து கொடுத்திருந்தோம். அன்று மாலை பல பேருடைய கணக்கில் ஒரு சாக்கைக் காணவில்லை. அம்மாவுடையதும் போயிருந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

எதையும் புதிதாகச் செய்ய டீம் லீடர் லேசில் சம்மதிக்க மாட்டார். "நல்லா ஓடினது கையில இருக்கறப்ப எதுக்குத் தங்கச்சி மண்டைய ஒடைக்கிற?" என்பார். அதில் தவறில்லை, பலர் அடிபட்டுக் கண்டுபிடித்த வழிகள் அவை. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் போன் ஒரே பதிவை இரண்டு தடவை அனுப்பிவிடும். அதற்கு, கொழும்பில் ஒரு கடைக்கு முன்பு செய்த தீர்வையே அவர் எடுத்துப் போட்டார். ஒரே பெயரில் ஒரே அளவு அடுத்தடுத்து வந்தால் அது இரண்டாவதைத் தள்ளிவிடும். ஆனால் மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து முழுக் கிலோவாகத்தான் பதிவார்கள். ஒருத்தியின் இரண்டு சாக்கும் ஒரே கிலோவாக வருவது அங்கே தினமும் நடப்பது.

தள்ளியதை மீட்க வழியில்லை. யாருடைய சாக்கு போனது, யார் உண்மையிலேயே குறைவாகப் பறித்தார்கள் என்று பிரிக்கவும் முடியவில்லை. அவர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய், "பிழை எங்க மேலதாங்க சேர். இன்னைக்கு வந்த எல்லாருக்கும் முழுப்பேர் போட்ருங்க" என்றார். துரை முறைத்தார், ஆனாலும் போட்டார். செயலியை அன்றோடு நிறுத்தியும் விட்டார். அம்மா இப்போதும் கேட்பாள்: "அந்தத் தம்பி இப்ப எங்க இருக்காரு?" அவர் வெளிநாடு போய்விட்டார்.

அவருடைய இடத்தில் இப்போது நான். பழைய தீர்வு எதையாவது எடுக்கும்போதெல்லாம் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. போன வாரம் ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு அதே தீர்வைப் போடுவதாக இருந்தது. கடையில் ஓடியது கடைக்குத்தானே போகிறது என்று அலுவலகத்தில் எல்லாரும் சொன்னார்கள். மனம் கேட்காமல் நானே போய்க் கவுண்டர் ஓரமாக நின்றேன். ஒரு பெரியவர் பிரஷர் மாத்திரை வாங்கினார். பில் கைக்கு வந்ததும் கவுண்டர் பையனிடம், "வீட்டுக்காரிக்கும் இதே மாத்திரதான் தம்பி. அதையும் ஏம் பேர்லயே தனி பில்லா போட்ருங்க" என்றார். அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "அதப் போடாதீங்க" என்றேன்.