குடுவைச் செடியின் சைவ மாதம்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டின் ஐப்பசி மழைக்காலம். தனியாக வாழும் பெண்ணுக்கு வீடு தரச் சங்கரன்கோவிலில் ஒருவரும் முன்வராதபோது, வங்கி அலுவலரான லட்சுமிப்ரியாவுக்குத் தம் மாடி வீட்டைத் தந்த பெருந்தகை அம்பலவாணன். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; ஆதலால் விதிகளாகவே பேசுவார். முதல் விதி, சைவம். முட்டை சேர்ந்த கேக் என்றால், அதன் காலிப் பெட்டிகூட வாசற்படியைத் தாண்டலாகாது.

அடுத்த ஆண்டு அவள் வாங்கி வந்த குடுவைச் செடி அந்த விதியில் அகப்பட்டது. இலை நுனிகளில் தொங்கிய குடுவைகளைக் கண்டு, “கமண்டலம் மாதிரில்லா இருக்கு” என்று முதலில் மகிழ்ந்தவரும் அவரே. ஒன்றனுள் எட்டிப் பார்த்தார். பாதி கரைந்த ஈ ஒன்று அவரை வரவேற்றது.

“இது என்னத்தத் திங்கி?”

“ஈ, எறும்பு, அண்ணாச்சி.”

“இந்தாம்மா, மாசம் முடியதுக்குள்ள இதைச் சைவமாக்கு. இல்லன்னா ரெண்டு பேரும் வீட்டைக் காலி பண்ணிருங்க.”

வேறு வீடு கிடைக்காது என்பதை லட்சுமிப்ரியா அறிவாள். செடியை எறியவும் மனம் வரவில்லை. அவர் பூசைக்கென வளர்த்த செம்பருத்தியின் அருகே கிடந்த உரப்பையை எடுத்து வந்து காட்டினாள். ‘எலும்புத் தூள்’ என்று அச்சிட்டிருந்தது. அம்பலவாணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை.

“வேரு எலும்பைக் கடிக்காது, அண்ணாச்சி. அது மக்கித் தண்ணியில கரைஞ்ச பெறகுதான் உறிஞ்சும். இதுவும் ஈயைக் கரைச்சுத்தான் குடிக்கி. இது பொறந்த மண்ணுல சத்து கெடையாது, அதான்.”

“மண்ணுக்குள்ள போயிட்டா எல்லாம் மண்ணுதான், தோஷம் இல்ல. இதையும் வேரு வழியாக் குடிக்கச் சொல்லு.”

தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பையும் அவரே ஏற்றார். குடுவைகளின் வாயைப் பஞ்சால் அடைத்தார். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, வடித்த நீரை வேரில் நாள்தோறும் வார்த்தார். ஏழை மண்ணில் வாழப் பழகிய வேர்களுக்கு அந்த விருந்து ஒவ்வவில்லை. இலையோரங்கள் கருகின, குடுவைகள் ஒவ்வொன்றாக வற்றின. லட்சுமிப்ரியா பெட்டி கட்டத் தொடங்கினாள்.

அவருடைய மனைவி சங்கரேஸ்வரி மாடிக்கு வந்து பார்த்தாள்.

“சைவமாயிட்டா?”

“விரதம் இருக்கு” என்றார் அம்பலவாணன்.

“நீங்க ஒரு ஏகாதசிக்குக்கூட இருந்தது இல்லயே. அதையாவது விடுங்க.”

அதன்பின், மூச்சு வாங்க வாங்க அவர் மாலைதோறும் படியேறி வந்தார். ஒருநாள், எஞ்சியிருந்த ஒரே குடுவையின் பஞ்சை எடுத்துவிட்டார்.

“காத்துப் போகட்டும்.”

காற்றைத் தவிர வேறொன்றும் அதனுள் நுழைந்துவிடாமல் காப்பவரைப்போல, இருட்டும்வரை பக்கத்திலேயே நின்றார். புண்ணாக்கு நீர் மறுநாள் வரவில்லை. லட்சுமிப்ரியா மழைநீரால் தொட்டி மண்ணை அலசினாள்.

மாதக் கடைசியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. மதுரை மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பவில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து லட்சுமிப்ரியாவைக் கையசைத்து அழைத்தார். முன்னிருக்கையில் சங்கரேஸ்வரி இருந்தாள். ஆகவே குரல் மிகவும் தணிந்தது.

“பெட்டியப் பிரிச்சிரும்மா. அடுக்களையில சீனி டப்பாவைச் சுத்தி எறும்பு மொய்க்கி. நாலஞ்ச எடுத்து அதுக்குப் போட்டுரு. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிராத.”