'சார்' என்று அழைத்த தோழர்

அறுபத்து நான்கில் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது ஆவடியில் எங்கள் கிளையில் பதினாறு பேர் இருந்தோம். ஒன்பது பேர் ஒரு பக்கம், ஏழு பேர் மறுபக்கம். நான் ஒன்பதில் ஒருவன். என்னைக் கட்சிக்கு அழைத்து வந்தவர், தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷின்காரர், ஏழில் ஒருவர். மறுநாள் கேன்டீனில் "வணக்கம், தோழர்" என்றேன். "வணக்கம், சார்" என்றார்.

எண்பதுகளிலும் அந்த 'சார்' போகவில்லை. குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நடுவே மூன்றே வீடுகள். தண்ணீர் லாரி வந்தால் அவர் மனைவியின் குடமும் என் மனைவியின் குடமும் அடுத்தடுத்து நிற்கும். நாங்கள் நிற்கமாட்டோம். மே தினத்தன்று இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஊர்வலம் போனால் நான் கொடிகளை எண்ணுவேன். ஒருமுறை எங்களுடையது இருபத்திரண்டு, அவர்களுடையது பதினான்கு. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு முப்பத்தாறும் சிவப்புதான்.

இரண்டும் இணையப் போகின்றன என்ற பேச்சு ஒவ்வொரு மாநாட்டுக்கு முன்பும் கிளம்பும். இருவருமே நம்பினோம். மேல் கமிட்டி தீர்மானம் போடட்டும், அப்புறம் பழகிக்கொள்ளலாம் என்பது அவர் கட்டுப்பாடு. ஒருநாள் அவர் வீட்டு வாசலில் இருவரும் எதிர்ப்பட்டுவிட்டோம். அவர் மனைவி டீயோடு வந்தார்.

"இன்னாண்ணா, டில்லிலேர்ந்து உத்தரவு வந்தாத்தான் ரெண்டு பேரும் சேந்து டீ குடிப்பீங்களா? அதுக்குள்ள ஆறிப்பூடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய மீசையும் அசைந்தது. "சாருக்குக் குடு" என்று சொல்லிவிட்டுத் தன் டம்ளரோடு உள்ளே போய்விட்டார்.

ஓய்வுபெற்று வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார். ரஷ்யாவில் செங்கொடியை இறக்கியதை டி.வி.யில் காட்டிய மறுநாள், மனசு கேட்காமல் ரயிலேறிப் போனேன்.

"நேத்திலேர்ந்து சோறு துன்னலண்ணா. நீங்களாவது சொல்லுங்க" என்றார் அவர் மனைவி.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "இனிமே எதுக்குத் தோழர் ரெண்டு?" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு, "தீர்மானம் வரட்டும், சார்" என்றார்.

தீர்மானம் வரவில்லை. சில வருடங்களில் அவர் போய்விட்டார்.

எங்களில் ஒருவர் இறந்தால், பாடையைத் தூக்குமுன் அவருடைய கிளைத் தோழர் கொடி போர்த்தி முழக்கம் எழுப்புவார். கூட்டம் திருப்பிச் சொல்லும். அவருடைய ஏழு பேரில் மிச்சம் இரண்டே பேர். கொடியைப் போர்த்திவிட்டார்கள். ஒருவருக்கு மூச்சிரைப்பு. மற்றவருக்கு அழுகையில் குரலே எழும்பவில்லை. நான் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். வேறு கட்சிக்காரன் முன்னால் போகலாமா என்ற குழப்பம்.

அவர் மனைவி என்னைத் தேடிப் பிடித்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. நீ எந்தக் கட்சின்னு அவரு எழுந்து கேக்கவா போறாரு?"

முன்னால் போய்க் கையை உயர்த்தினேன். "தோழருக்குச் செவ்வணக்கம்!"

திருப்பிச் சொன்ன குரல்களை எண்ணினேன். ஐந்து. இரண்டாம் முறை நான்கு. மூன்றாம் முறை 'தோழருக்கு' என்பதோடு நின்றுவிட்டேன். மிச்சத்தை அவர் மனைவிதான் சொன்னார்.

பாடையில் கிடந்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு 'சார்' வந்திருந்தால்கூடப் போதும்.