காக்காவின் தலைக்குள் அடித்த அலை

என் காக்கா, எங்கள் மூத்த அண்ணன், மனம் குழம்பி மூன்று வருடம் சங்கிலியில் கிடந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் மாத்திரைதான் அவரை அவிழ்த்துவிட்டது. வயலுக்குப் போனார், பள்ளிக்குப் போய்த் தொழுதார். பிறகு ஒருநாள் வயல் வரம்பில் வலிப்பு வந்து விழுந்தார். மாத்திரைதான் காரணமா என்று மூளையின் அலையை அளந்து பார்க்க வேண்டும், அப்படியென்றால் நிறுத்த வேண்டியும் வரலாம் என்று டாக்டர் கொழும்புக்குக் கடிதம் தந்தார். நிறுத்தினால் மறுபடி சங்கிலி. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆறாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். பாதை தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். புறப்படும்போது உம்மா, பள்ளி லெப்பை ஓதி ஊதிக் கொடுத்த நல்லெண்ணெயை அரைப் போத்தல் காக்காவின் உச்சியில் தேய்த்துவிட்டா.

ஆஸ்பத்திரியில் கம்பிகளை ஒட்டும் பசை அந்தத் தலையில் நிற்கவில்லை. மெஷினை இயக்கியவர் மட்டக்களப்புக்காரர்.

"என்ன காக்கா, தலையில செக்கா ஆட்டுறீங்க?"

"ஓதின எண்ணெய்," என்றேன்.

"மெஷினுக்கு அது தெரியாதே. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

ஓதிய எண்ணெய் காலடியில் ஓடக்கூடாது. வாளிக்கு மேல் காக்காவைக் குனியவைத்துக் கழுவி, தண்ணீரை மதிலோர மாமரத்து வேரில் ஊற்றினேன்.

"உம்மாட்டச் சொல்லிராத," என்றார் காக்கா.

பிறகு மெஷினின் பேனாக்கள் நகரும் தாளில் எழுதத் தொடங்கின. "கண்ணை மூடுங்க" என்றதும் கோடுகள் ஒரே சீராக எழுந்தன. "திறங்க" என்றதும் படுத்தன. காக்கா அசையாமல் கிடந்தார். எத்தனையோ ஊர் பார்த்தவன் நான், இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

"இந்த மெதுவான பெரிய அலை மாத்திரையிட வேலை," என்று மெஷின்காரர் விரல் வைத்தார். பயற்றங்கொட்டையளவு மாத்திரை. எங்கள் கல்முனையில் தேத்தண்ணியோடு விழுங்கியது கொழும்பில் எழுதிக்கொண்டிருந்தது! இடையிடையே முள்போலக் கூர்கள்; அவை வலிப்பின் அடையாளம் என்றார்.

"நான் என்ன நினைச்சன் எண்டும் இதில விழுமா?" என்று காக்கா கேட்டார்.

"இல்ல, அது விழாது."

"நல்ல காலம்."

கொழும்பு டாக்டர் தாளை நெடுநேரம் புரட்டினார். "மாத்திரை கூடிப்போச்சு. நிறுத்த வேண்டாம். குறைப்பம்."

நாலு மாதம் கழித்து மறுபடி போனோம். மெதுவான அலை சிறுத்திருந்தது, முட்கள் ஒன்றுமில்லை. காக்கா தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, விதைப்புக்கு நாளாகிறது, பஸ்ஸைப் பிடிப்போம் என்றார்.