ஜி டிரைவ் அம்மாவுடையது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்கு பாகம். அதை அசெம்பிள் செய்துகொடுத்தவர் இரும்புலியூர் வீட்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹார்ட் டிஸ்க்கை எத்தனையாகப் பிரிக்கட்டும் என்று அப்பாவிடம் கேட்டார். சொத்துப் பிரிக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாருக்கும் மனக்குறை வரக்கூடாது, சமமாகவே பிரியுங்கள் என்றார். நான்கும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. ஒன்றில் சிஸ்டம், மற்ற மூன்றும் ஆளுக்கு ஒன்று.

சிஸ்டத்துக்கு சி என்ற எழுத்து. டி என்ற எழுத்தை சிடி, டிவிடி போடுகிற டிரைவ் முந்திக்கொண்டு பிடித்துவிட்டது. அதனால் அப்பாவுக்கு ஈ, எனக்கு எஃப், அம்மாவுக்கு ஜி என்று அமைந்தது. இந்த வரிசையை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அப்பாவின் டிரைவில் சர்ச் பாடகர் குழுப் பாடல்களும் போட்டோக்களும் இருந்தன. என்னுடையதில் சினிமாப் படங்கள், திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையின் டிராயிங்குகள், இன்னும் என்னென்னவோ நிரம்பி வழிந்தன. அம்மாவுக்கு எதற்கு ஒரு டிரைவ் என்று நானும் அப்பாவும் கேலி செய்வோம். புளிக்குழம்பு வைக்கும் முறையை எழுதிவைக்க அத்தனை இடமா? அம்மா பதில் சொல்ல மாட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆபரேட்டராக இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குக் கைவந்த கலை.

தினமும் இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் அவள் கைக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள். விரல்களைச் சூடேற்ற முதலில் 'யளனகபக' என்று நாலைந்து வரி அடிப்பாள். பிறகு தட்டும் சத்தம் நிற்காது. யாராவது பின்னால் வந்தால் திரையில் இருக்கும் ஜன்னலைச் சின்னதாக்கிவிடுவாள். சர்ச் மாதர் சங்கத்து அறிக்கை என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், அதைக்கூட நினைக்கவில்லை. கேட்டிருந்தால்தானே நினைப்பதற்கு.

இரண்டாயிரத்து ஒன்பது, பொங்கல் விடுமுறை. அடுத்து வரப்போகிற புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அது கடைக்கு வருவதற்கு முன்பே, சோதித்துப் பார்க்கலாம் என்று பீட்டா என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். ஆபீஸில் என்னோடு டிராயிங் போட்ட அண்ணன் ஒருவர் மூன்று நாள் டவுன்லோடு செய்து, டிவிடியில் எழுதிக் கொடுத்தார். அந்த டிவிடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஊரில் யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு. உடன் வந்தவர்கள் எல்லாம் பழைய சிஸ்டத்துக்காரர்கள்.

இது பீட்டா என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் காதில் பேட்டா என்று விழுந்தது. டூர் போகிற வேலையில் காலம் கழித்தவருக்கு வேறென்ன விழும்? வேலை முடிவதற்கு முன்னாலேயே பேட்டா கொடுத்துவிட்டானா, நல்ல கம்பெனிதான் என்றார். விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அந்த வயதில் எதற்குத்தான் பொறுமை இருந்தது?

வியாழக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். என்னுடைய எஃப் டிரைவை அழித்து அதில் புதியதைப் போடுவது என் திட்டம். அதில் இருந்த என் பொக்கிஷங்களை ஒன்று விடாமல் சிடிகளில் எழுதி, மேலே மார்க்கரால் நம்பர் போட்டு அடுக்கிவைத்தேன். என் சரக்கு என்றால் எனக்கு அவ்வளவு அக்கறை. பிறகு டிவிடியைப் போட்டு மெஷினை எழுப்பினேன். எங்கே நிறுவட்டும் என்று கேட்டு ஒரு திரை வந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் பாகங்கள் மட்டும். அப்பாவின் நியாயத்தால் நான்கும் ஒரே அளவு.

சி, டி, ஈ, எஃப் என்று விரல் விட்டு எண்ணினேன். எஃப் நான்காவதாக வந்தது. நான்காவதைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் கொடுத்தேன். டி என்பது ஹார்ட் டிஸ்க்கிலேயே இல்லை, அது சிடி டிரைவின் எழுத்து என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான்காவது வரிசைக்குப் பக்கத்தில், அது கிட்டத்தட்டக் காலி என்றுகூடக் காட்டியது. நிரம்பி வழியும் என் டிரைவ் எப்படிக் காலியாகும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒழுங்காகச் சொல்லும் எழுத்து வரிசையில் நான் கோட்டை விட்டேன்.

மெஷின் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுந்தது. கடைசியில் நீலத் திரையில் ஒரு மீன் வந்து நின்றது. அழகான மீன். ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவு, சத்தம் வரவில்லை, நெட் வரவில்லை. சவுண்டு கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் பழையதைப் போட்டுப் பார்த்தேன், ஏற்க மறுத்தது. மதர்போர்டோடு வந்த சிடியைத் தேடி எடுத்துப் போட்டேன், மறுத்தது. பழைய சிஸ்டத்துக்கு உண்டானதாகவே பாவித்துக்கொள் என்று ஒரு தேர்வு இருந்தது. அதைக் கொடுத்ததும் ஸ்பீக்கர் கரகரவென்று இருமி வாயைத் திறந்தது. நான் தனியாகக் கை தட்டிக்கொண்டேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் போல சந்தோஷமாக நான் எந்த மெஷின் முன்னாலும் இருந்ததில்லை. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இரண்டு மணிக்கு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மீன் நல்லா இருக்கே என்றாள். பிறகு தன் ஜி-யைத் திறக்கச் சொன்னாள். புது சிஸ்டம் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தது, அதனால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் பழைய சிஸ்டம். இன்னொன்றில் அப்பாவின் பாடல்கள். மூன்றாவதைத் திறந்தால் என் சினிமாப் படங்கள் வரிசை கலையாமல் இருந்தன. அழிந்திருக்க வேண்டியது அத்தனையும் குத்துக்கல் மாதிரி இருந்தது. அம்மாவின் ஜி இருந்த இடத்தில்தான் அந்த மீன் நின்றிருந்தது.

சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், எண்ணும்போது தவறிவிட்டது என்று. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாமேவா என்று மட்டும் கேட்டாள். அதில் என்ன இருந்தது என்று அப்போதுதான், முதல் தடவையாக, நான் கேட்டேன்.

"லைன்ல கேட்டதெல்லாம்," என்றாள். "இத்தனை வருஷமா காதுல விழுந்தது. வெளியில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் வேலையே குடுத்தாங்க. உங்கப்பாகிட்டகூட சொன்னதில்லை. சொல்லாம எழுதினேன். ஒரு காலுக்கு ஒண்ணுன்னு அறுபத்திரண்டு எழுதினேன்."

புளிக்குழம்புக் கேலியெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது.

ஆபீஸ் அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் முதலில் சொன்னது, மெஷினை உடனே அணை என்பதுதான். ஃபார்மட் செய்தாலும் அடியில் பழையது கிடக்கும், அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதினால்தான் போகும் என்றார். புது சிஸ்டம் ஏற்கெனவே கொஞ்சத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். "இனிமே அதுல எதுவும் பண்ணாதம்மா. எழுத எழுத அழியும்," என்றார். மீட்கும் மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுவந்து தருவதாகவும், மீட்டதைப் போட்டுவைக்க வேறொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவைக்கும்படியும் சொன்னார். இரண்டு மணி நேரம் நான் போட்ட டிரைவர்கள், கை தட்டல் எல்லாம் எதன் மேல் நடந்தது என்று அப்போது புரிந்தது.

பொங்கலுக்குக் கடைகள் மூடியிருந்தன. மறுநாள் வெள்ளி, பல்லாவரம் சந்தை. அம்மாவும் கூட வந்தாள். தாம்பரத்தில் ஏறியதிலிருந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். சந்தையில் பழைய மிக்ஸி, ஃபேன் றெக்கை, டெலிபோன் எல்லாம் தார்ப்பாயில் பரப்பிக் கிடந்தன. டெலிபோன்கள் முன்னால் அம்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்தாள். ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தவரிடம், இது ஓடுமா என்று சந்தேகமாகக் கேட்டேன்.

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட. சூப்பரா ஓடும். உள்ள யாரோ கண்ணாலப் போட்டோகூட அப்டியே கீது, வூட்ல போட்டுப் பாரு," என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பி, அதையெல்லாம் திறந்து பார்க்காமல் அழித்துவிடு என்றாள். யாருடைய கல்யாணமோ, நமக்கு எதற்கு என்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்படியே செய்தேன். இந்த முறை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு அழித்தேன்.

மறுநாள் காலை அண்ணன் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சிஸ்டத்தில் மெஷினை எழுப்பி மென்பொருளை ஓடவிட்டேன். அது எறும்பு ஊர்வதைப் போலத் தேடியது. பகல் முழுக்க அம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டி ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின. பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்கள். உள்ளே சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கத்தான் வேண்டும் என்றேன். அம்மா தயங்கினாள். "திற. ஆனா படிக்காத," என்றாள்.

படிக்கவே முடியவில்லை. அந்த மென்பொருளுக்கு அம்மாவின் தமிழ் எழுத்துரு தெரியாது, அதனால் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தாறுமாறாக நின்றன. மெய்யெழுத்தின் புள்ளிகள் எல்லாம் அரைப்புள்ளிகளாக, தாளித்த கடுகு மாதிரி பக்கம் முழுக்கத் தெறித்துக் கிடந்தன. எழுத்துருவை மாற்ற வழி இருக்கிறது, ஒரு பட்டன்தான். நான் அதைத் தொடவில்லை. வரி முறியாமல் இருக்கிறதா, நடுவில் அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பார்த்து ஒதுக்கினேன். அம்மாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுக்கமாகச் செய்த வேலைகள் என்று எண்ணினால் அதுவும் ஒன்று.

நாற்பத்தேழு கிடைத்தன. பிறகு நானும் அப்பாவும் ஜிஎஸ்டி ரோடு பக்கம் டீ குடிக்கப் போய்விட்டோம், அம்மா தனியாகப் படித்துச் சரிபார்க்கட்டும் என்று. திரும்பி வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். பழையவை எல்லாம் வந்துவிட்டன, பிற்பாடு எழுதியவைதான் இல்லை என்றாள். போன வாரம் முடித்த ஒன்றைத்தான் முதலில் தேடினாளாம். அது இல்லை. அப்பா கை கால் கழுவப் பின்கட்டுக்குப் போனதும், நான் கேட்காமலே அதைச் சொன்னாள்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பெண், மாதாமாதம் முதல் சனிக்கிழமை காலையில், திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு டிரங்க் கால் பதிவு செய்வாளாம். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். போதும் மேடம், கட் பண்ணிடுங்க என்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது. ஒரு சனிக்கிழமை யாரோ எடுத்துவிட்டார்கள். வயதான ஆண் குரல், யாரு என்று கேட்டது. அந்தப் பெண்ணிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது. இணைத்தபின் ஆபரேட்டர் லைனில் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா விலகவும் இல்லை. அந்தக் குரல் மூன்றாவது தடவை யாரு என்று கேட்டபோது, அம்மா சொல்லிவிட்டாள், "உங்க பொண்ணுங்க ஐயா. நல்லா இருக்காங்க." மகள்தானா என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் கால் பதிவு செய்யவே இல்லை.

"நான் குறுக்க பேசினதாலதான் கெட்டுப்போச்சோன்னு இருபது வருஷமா உறுத்திச்சு," என்றாள் அம்மா. "எழுதி முடிச்ச அன்னைக்குத்தான் அந்த உறுத்தல் போச்சு. கடைசியில ஒரு வரி தானா வந்துச்சு. அதைப் படிச்சுட்டு நிம்மதியா எழுந்து போனேன். இப்ப அந்த வரி ஞாபகம் வரலை."

மறுபடி எழுதிவிடலாம் அம்மா என்றேன். அந்தப் பீட்டாவை அன்றே கழற்றி எறிந்தேன். ஜி டிரைவ் பழையபடி அம்மாவுக்கு வந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு அவள் உட்கார்ந்தாள், அதற்கு அடுத்த நாளும். தட்டும் சத்தம் வரும், நிற்கும். பிறகு அழிக்கும் பட்டனின் சத்தம் மட்டும் ஒரே சீராக வரும். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று பக்கத்தில் போய் நின்றேன். அம்மா அன்றைக்கு ஜன்னலைச் சின்னதாக்கவில்லை.

"அவரு யாருன்னு மூணாவது தடவை கேக்கற வரைக்கும் எழுதிடறேன்டி," என்றாள். "அதுக்கப்புறம் நான் மறுபடியும் வாயைத் திறக்க வேண்டியிருக்கு."